பீர் மைதீன் ஊதிய பலூன்கள்

1959-ஆம் வருஷத்து ஆனிச் சாரலில்தான் பீர் மைதீனை முதலில் பார்த்தேன். திருவேங்கடத்துக் கரிசலில் பிறந்து, எங்கள் வம்சத்திலேயே முதல் ஆளாக பி.ஏ. தேறி, மேலகரத்தில் வாத்தியாராகச் சேர்ந்திருந்த புதிது. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற பாதையில் நீர்ப்புகை பஞ்சாக மிதந்து வந்தது. அதற்குள்ளே சிவப்பாக ஏதோ ஒன்று மெல்ல மெல்லப் பெருத்தது. பிறகுதான் அதன் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. அவர் பலூன் ஊத, மனைவி நூருன்னிசா நூல் கட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலங்களில் அங்கே போய் நிற்பது எனக்கு வழக்கமாயிற்று. ஒருநாள் அவர், "பி.ஏ.ல என்ன தம்பி படிச்சிய?" என்றார்.

"இங்கிலீஷ் அண்ணாச்சி."

"ஒரு வார்த்தை சொல்லுங்க பாப்போம்."

கையிலிருந்த பலூனைப் பார்த்து, "ஸ்பிரிட்" என்றேன்.

"ஊசி போடுமுன்ன ஆஸ்பத்திரியில தடவுவாவளே, அதா?" என்றாள் நூருன்னிசா.

"அதுக்கும் அந்தப் பேருதான். ஆனா மொதல்ல உயிருன்னு அர்த்தம். லத்தீன்ல மூச்சு விடுததுக்கு ஒரு சொல் உண்டு, அதுலேருந்து வந்தது. மூச்சுதான் உயிருன்னு அந்தக் காலத்துல நெனச்சிருக்காவ."

நூல் கட்டிய கை நின்றுவிட்டது. "அப்ப வெள்ளக்காரனும் ரூஹு மூச்சுலதான் இருக்குன்னு சொல்லுதானா?" உயிரை அவர்கள் ரூஹு என்பார்கள்.

மறுநாள் பலூன்கள் ஊதாமல் கூடையில் சுருண்டு கிடந்தன.

"நல்லாக் கொளுத்திப் போட்டிய தம்பி! ரூஹ ஊதி விக்கக் கூடாதாம். சீசன்ல சம்பாதிச்சாத்தான் ஐப்பசி வரைக்கும் அடுப்பு எரியும். இவ கேட்டாத்தானே?"

"கேலி பண்ணாதிய. ஊதி ஊதியே நீங்க தேஞ்சு போனா நான் யாரப் பாக்க?" என்றாள் அவள்.

அன்று வெள்ளிக்கிழமை; வியாபாரம் இல்லாததால் மாலைத் தொழுகைக்கு அவர் கிளம்ப, மூவரும் தென்காசிக்குப் போனோம். மஃரிபு தொழுகை முடியும் நேரம், பள்ளிவாசல் முன்னால் எல்லா சாதிப் பெண்களும் பிள்ளைகளோடு நின்றார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி, பிள்ளைகளின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். ஆவுடைத்தாய் என்ற பெண் காய்ச்சல்காரப் பிள்ளையை நீட்டினாள். தொழுதுவிட்டு வெளியே வந்த பீர் மைதீன் ஓதி ஊதினார். பிள்ளை கண்ணை இறுக்கிக்கொண்டு சிரித்தது.

நூருன்னிசா கணவரையே பார்த்தாள். "இதுல கொறயலியா?"

"எது?"

"ரூஹு."

"ஏட்டி, ஊதினது போச்சு, அடுத்தது வந்துட்டுல்லா. குடுக்குதவன்கிட்ட தட்டுப்பாடா?"

திரும்பி நடந்தோம். மலைக்காற்று அவள் முக்காட்டுக்குள் புகுந்து அதை உப்ப வைத்தபடி கூடவே வந்தது. வழியோர வயல்கள் சாரலில் கரைந்து, நாங்கள் மேகத்துக்குள் நடப்பது போலிருந்தது. மேலகரத்தை நெருங்கும்போது அவள் கணவரிடம் சொன்னாள்:

"நாளைக்குச் சனிக்கிழமை, கூட்டம் வரும். வெள்ளனயே ஊத ஆரம்பிச்சிருங்க."

இப்போது 1966. இருவரும் ஐந்தருவிப் பாதையில் பலூன் விற்கிறார்கள்.