குடலிறக்கத்துக்கு எத்தனை பெயர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சமஸ்தானக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த நான் திருக்கோகர்ணத்தில் குடியிருந்தேன். திருமயத்திலிருந்து மாமனார் சில நாள் தங்க வந்தார். கிளம்புகிற உத்தேசம் பிறகு தெரியவேயில்லை. கூடவே ஒரு டிரங்குப் பெட்டி. அந்த ஊர்க் கோட்டையில் பாதியைப் பெயர்த்து அதில் வைத்திருந்தார் போலும். மருமகன் என்ற மரியாதைக்கு நான் அதைத் தூக்கினேன். அடிவயிற்றில் ஏதோ நழுவியது.

மறுநாள் குளிக்கும்போது பார்த்தால் தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. இருமினால் எழுந்து நின்றது. கச்சேரியில் யாரும் எனக்குக் காட்டாத மரியாதை. படுத்தால் உள்ளே போய்விட்டது.

ஊரில் வைத்தியத்துக்குத்தான் பஞ்சம், பெயருக்கு இல்லை. நாட்டு வைத்தியர் நாடி பிடித்து, "அண்டவாதம்" என்று சூரணம் கொடுத்தார். சமஸ்கிருதம் படித்த வைத்தியர் அதைக் கேட்டுச் சிரித்து, "அந்திரவிருத்தி" என்றார். அந்தப் பெயரின் கனத்திலேயே இன்னும் கொஞ்சம் குடல் இறங்கியிருக்கும். கடைத்தெரு யுனானி ஹக்கீம், "ஃபத்க்" என்றார். அதைச் சொல்லிப் பார்த்தேன், இருமல் வந்தது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், "ரப்சர், ஸார். பெல்ட் கட்டணும்" என்றார். பெல்ட் யுத்தம் முடிந்தபின் கிடைக்குமாம்.

மாமனாருக்கு எந்தப் பெயரும் பிடிக்கவில்லை.

"மாப்பிள்ளை, இதெல்லாம் நாலு பேர் காதுல விழலாமாங்க? வாயுன்னு சொல்லிருங்க."

குடலோடு குடும்ப கௌரவமும் இறங்கிவிடும் என்ற பயம் அவருக்கு. நானும் வாயு என்றே சொன்னேன். வாயுக்காரனுக்கு யார் லீவு கொடுப்பார்கள்? கட்டுக்கட்டாகத் தஸ்தாவேஜு தூக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புடைப்பு உள்ளே போக மறுத்து, கல்லாக இறுகிவிட்டது. உயிர் போகிற வலி, வாந்தி வேறு. மாமனார் வாயுவுக்குப் பெருங்காயம் தேடினார். என் மனைவி அவரை விலக்கிவிட்டு ஜட்கா கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் என்ன கேஸ் என்று கேட்டதற்குத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"குடல் எறங்கிச் சிக்கிக்கிருச்சுங்க! சீக்கிரம் பாருங்க!"

மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டர் தொட்டுப் பார்த்து, "ஹெர்னியா" என்றார். அது லத்தீன் வார்த்தை என்றும் சொன்னார், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. அன்றே குளோரோபாரம் கொடுத்து ஆப்பரேஷன் செய்தார். இன்னும் தாமதித்திருந்தால் குடல் அழுகியிருக்குமாம். எந்தப் பாஷையிலும் பிழைத்திருக்க மாட்டேன்.

வீட்டில் படுத்திருந்த என்னைப் பார்க்க வந்த ஆண்களில் பலர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, தங்களுக்கும் இருப்பதாகச் சொன்னார்கள். ஒருவருக்கு அது 'கீழ்ப்பக்கம்', இன்னொருவருக்கு 'அந்தச் சமாசாரம்', என் மேலதிகாரிக்கு 'ஓல்டு ட்ரபிள்'. கச்சேரியில் எல்லோரும் வாயுக்காரர்களாக உலவியவர்கள்தான்.

கடைசியாக மாமனார் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"அறுத்தா ரொம்ப வலிக்குமாங்க, மாப்பிள்ளை?"

"யாருக்கு மாமா?"

"சும்மாதான் கேட்டேன்."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "அப்பா, ஒங்களுக்கு எத்தனை வருசமா இருக்கு?"

மாமனார் மறுபடி துண்டைத் தேடினார். மறுவாரமே அவருக்கும் ஆப்பரேஷன் நடந்தது; நன்றாகத் தேறினார். திருமயத்துக்குப் பஸ் ஏறும்போது, "ஏன் இத்தனை நாள்னு ஊர்ல கேட்டா, இங்கிட்டு விருந்து பலம்னு சொல்லிர்றேன்" என்றார்.