எண்ணெய் காயாத பக்கம்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவளை எல்லோரும் கத்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடக்கைக்காரி. வேலைக்குச் சேர்ந்த அன்றே, கொடுத்த கத்திரியை மேசைமேல் திருப்பி வைத்துவிட்டு, தன் பையிலிருந்து இடக்கைக் கத்திரியை எடுத்தாள். மேற்பார்வையாளர் முறைத்தார். "துணி கோணலாப் போனா சொல்லுங்க சார், கையை மாத்திக்கிறேன்" என்றாள். துணியும் கோணவில்லை, கையும் மாறவில்லை.

அவளை அக்கா என்று அழைக்காத ஒரே ஆள், அதே தொழிற்சாலையில் பண்டகசாலையைப் பார்த்துக்கொண்ட அவளுடைய சொந்த அண்ணன். அவருக்கு அவள் எப்போதும் 'நொட்டாங்கை'தான்.

அண்ணனுக்குப் பௌலிங் பைத்தியம். கிரிக்கெட் இல்லை, நீளமான, வழவழப்பான தளத்தில் கனத்த பந்தை உருட்டி, கடைசியில் நிற்கும் பத்துப் பின்களைச் சாய்க்கிற ஆட்டம். தொழிற்சாலை அணிக்கு அவர்தான் கேப்டன். ஒரு சனிக்கிழமை ஆள் குறைந்தபோது, "சும்மா வந்து நில்லு, போதும்" என்று தங்கையை ஆட்ட அரங்குக்கு இழுத்துக்கொண்டு போனார். அவள் சும்மா நிற்கவில்லை. நாள் முழுக்கத் துணிக்கட்டுகளைப் புரட்டுகிற தோள் அது. அவள் விட்ட பந்து பின்களில் மோதிய சத்தத்துக்குப் பக்கத்துத் தளத்தில் ஆடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றோடு ஆட்டம் அவளைப் பிடித்துக்கொண்டது.

தொழிற்சாலைகளுக்கிடையே போட்டி வந்தபோது அண்ணன் அணி முழுமைக்கும் ஒரே மாதிரிப் பந்துகள் வாங்கிவந்தார். எல்லாம் பளபளவென்று மெருகேற்றியவை. தங்கைக்கு மட்டும் எடை குறைவாக, ரோஜா நிறத்தில். பிடிப்புக்காகப் பந்தில் போட்டிருந்த ஓட்டைகளில் அவள் விரலை நுழைத்துப் பார்த்தாள். ஒன்று தொளதொளத்தது, ஒன்று இறுக்கியது.

"அண்ணே, இது வலக்கைக்குப் போட்ட ஓட்டை."

"எல்லாருக்கும் ஒண்ணாச் சொல்லிட்டேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"பொறந்ததுலேருந்து நான்தானே அட்ஜஸ்ட் பண்றேன். இந்தத் தடவை பந்து பண்ணட்டும்."

ஓட்டை மட்டுமே சிக்கல் என்றால் அடைத்துவிட்டு வேறு போட்டிருக்கலாம். ஆட்டத்துக்கு முன் ஒரு இயந்திரம் தளத்தில் மெல்லிசாக எண்ணெய் பூசிவிட்டுப் போகும். எண்ணெய் இருக்கிற இடத்தில் பந்து வழுக்கும். காய்ந்த இடத்தில் தளத்தைப் பிடித்துக்கொண்டு வளையும். ஆட ஆட, பந்துகள் போகிற வழியில் எண்ணெய் தேய்ந்துவிடும். தேய்ந்த தளத்தில் சொரசொரப்பான பந்து அவசரப்பட்டு வளைந்து எங்கேயோ போய்விடும். அதனால்தான் அண்ணன் மெருகுப் பந்து வாங்கினார். கணக்கு சரிதான், ஆனால் அது வலப்பக்கத்துக் கணக்கு. இடப்பக்கம் உருட்ட அவளைத் தவிர ஆளே கிடையாது; அங்கே பூசிய எண்ணெய் அப்படியே இருக்கும். பந்தைத் துடைத்தால் மற்றவர்களின் துண்டு காய்ந்திருக்கும். அவளுடைய துண்டு பிசுபிசுக்கும். அரங்கில் கிடந்த மெருகுப் பந்துகளை அவள் வேகத்துக்கு விட்டபோதெல்லாம் அவை வளைய மறந்து, நேரே வழுக்கிப்போய் ஓரத்துப் பின்னை மட்டும் தட்டிவிட்டு விழுந்தன.

மறுநாளே அவள் அந்த அரங்கின் வாசலில் பந்துக்குத் துளைபோடும் கடைக்குப் போனாள். கடைக்காரர் பழக்கதோஷத்தில் அவளுடைய வலக்கையைப் பிடித்தார். அவள் இடக்கையை நீட்டினாள்.

"என்ன கலர் வேணும்க்கா?"

"கலர் கிடக்கட்டும். மேல்பக்கம் சொரசொரன்னு இருக்கணும். நான் வேகமா விடுறவ. எண்ணெயில போனாலும் அது கால் ஊனணும்."

ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு மங்கிய கறுப்புப் பந்தை எடுத்தாள். பதினாலு பவுண்டு. தூக்கிப் பார்த்த கடைக்காரர் அதை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, அவள் இடக்கை விரல்களை அளக்கத் தொடங்கினார்.

போட்டியன்று அண்ணன் அதைக் கண்டதும் கொதித்துப்போனார்.

"அடுப்புக்கரி மாதிரி எதையோ தூக்கிட்டு வந்து என் மானத்தை வாங்காதே. நான் வாங்கிக் குடுத்ததைப் போடு. இல்லேன்னா உக்காரு."

"உக்காருறேன்" என்று, பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டிய போட்டி. மாற்று ஆளை வைத்து ஆடிய முதல் ஆட்டம் கையைவிட்டுப் போனது. அப்போது அணியில் இருந்த பொத்தான் தைக்கிற பெண் எழுந்து, "எனக்கு முட்டி வலிக்குது. என் இடத்துல கத்திரியக்கா போடட்டும்" என்றாள்.

"இவ்வளவு நேரம் வலிக்கலையா?" என்றார் கேப்டன்.

"இல்லீங்க. உங்க பேச்சைக் கேட்டப்புறம்தான் வலிக்குது."

கத்திரியக்கா விட்ட பந்து இடது ஓரமாகவே போனது. தளத்தின் ஓரத்துப் பள்ளத்தில் விழப்போகிறது என்று அண்ணன் தலையில் கைவைத்த நேரத்தில், அது தளத்தைக் கவ்வி, வலதுபக்கம் திரும்பி, எல்லாவற்றுக்கும் முன்னால் நின்ற பின்னுக்குப் பக்கவாட்டில் புகுந்தது. பத்தும் சாய்ந்தன. அந்த இரண்டாவது ஆட்டம் அண்ணன் அணிக்குக் கிடைத்தது. மூன்றாவது ஆட்டம் மயிரிழையில் போனது. கடைசியில் மூலையில் நின்ற ஒற்றைப் பின்னைத் தவறவிட்டது அவள்தான்.

"பாத்தியா? என் பந்தைப் போட்டிருந்தா..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"உன் பந்தைப் போட்டிருந்தா மூணாவது ஆட்டமே வந்திருக்காது. தோத்தது நான்தான், இல்லேங்கல. என் கையால தோத்தேன். அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல."

அடுத்த வருடம், எல்லோரும் ஒரே மாதிரிப் பந்துதான் போடவேண்டும் என்று அண்ணன் விதி வைத்தார். அவள் தனியாக ஓர் அணி சேர்த்தாள். பொத்தான் தைக்கிற பெண் முதல் ஆளாக வந்தாள். அடுத்துச் சேர்ந்த சரக்கு லாரி ஓட்டுகிறவர் மெதுவாக விட்டு மணிக்கட்டை நன்றாகச் சுழற்றுகிற ஆள். அவருக்கு மெருகுப் பந்தே போதும் என்று விட்டுவிட்டாள். அவரவர் கைக்கு ஏற்றது அவரவருக்கு. கோப்பை எதுவும் இன்னும் கிடைக்கவில்லை. போன வருடம் மூன்றாவது இடம், அண்ணனுக்கு நான்காவது. அவர் ஒரு மாதம் தங்கை வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

அவள் ஆடுவதைப் பார்த்து இடக்கைக்காரர்கள் இன்னும் சிலர் அந்த அரங்குக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். இடப்பக்கத்திலும் இப்போது எண்ணெய் தேய்கிறது. கறுப்புப் பந்து சீக்கிரமே வளைகிறது. போன வாரம் அவள் கடைக்காரரிடம் இன்னொரு பந்துக்குத் துளைபோடச் சொன்னாள். பளபளப்பானது. அந்த வழியாக வந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"இதைத்தானேடி அன்னிக்கே நான் சொன்னேன்!"

"அன்னிக்கு எண்ணெய் இருந்துச்சுண்ணே" என்றாள், விரலை அளவுக்கு நீட்டியபடியே.