அத்தான் விற்காத கார்

என் அக்கா புருஷன் பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர். ஐம்பது வருஷத்து வண்டி ஒன்று துருவேறி வந்தால், ஒரே வருஷத்தில் அதைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அனுப்பிவைப்பார். வேலையில் புலி. வியாபாரத்தில்தான் பூஜ்யம். அக்காவைக் கட்டியதைத் தவிர உருப்படியாக ஒரு பேரமும் அவர் முடித்ததில்லை.

ஊரார் கார்களுக்கு நடுவில் அவருக்கென்று ஒன்று இருந்தது. இரண்டு கதவு வைத்த கரும்பச்சை வண்டி. ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அது தின்றிருந்தது. "இது வித்த மறுநாளே நீ வேலையை விட்டுடலாம்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா மருந்துக் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறவள். எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது கால் வீங்கியிருக்கும்.

எல்லார் கையிலும் பணம் புரண்ட காலம் அது. பழைய கார் பைத்தியமான பல் டாக்டர் ஒருவர், ஏற்கெனவே மூன்று வைத்திருப்பவர், ஒரு சனிக்கிழமை பட்டறைக்கு வந்தார். கரும்பச்சையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, அத்தான் மனசில் நினைத்திருந்ததைவிட அதிகமாகவே விலை சொன்னார். அக்கா சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். நானும் இருந்தேன்.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர். டேஷ்போர்டு கடிகாரம் ஓடலை. வண்டி செஞ்ச வருஷத்து அசல் கடிகாரத்துக்குச் சொல்லி வச்சிருக்கேன். வந்ததும் மாட்டித் தரேன்."

"மணி பாக்க என் கையில கடிகாரம் இருக்குப்பா. அப்படியே குடு."

"குறையோட ஒரு வண்டி என் பட்டறையை விட்டுப் போகாது."

அக்கா அவரை ஓரமாக இழுத்து, "குடுத்துடுங்களேன். கும்பிட்டுக் கேக்கறேன்" என்றாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மச்சான், உங்க அக்கா அவசரத்தைப் பாத்தியா?" நானும் சேர்ந்து பல்லைக் காட்டினேன். "தொழில் தெரிஞ்சவர் சொல்றாரு, விடுக்கா" என்று வேறு சொன்னேன். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

கடிகாரம் வந்து சேர எட்டு மாதமானது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். அதற்குள் வங்கிகள் கையை இறுக்கின, கம்பெனிகள் ஆளைக் குறைத்தன. கஷ்டம் வந்தால் மனுஷன் முதலில் விற்பது, ஓட்டாமல் துணி போர்த்தி வைத்திருக்கும் காரைத்தான். வாங்க வந்தவர்களெல்லாம் விற்க நின்றார்கள். அத்தான் கடிகாரத்தை மாட்டிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் வந்தார். கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

"என் மூணுக்கும் ஆள் இருந்தா சொல்லுப்பா. வந்த விலைக்குத் தள்ளிடலாம்."

இன்னும் ஒன்றரை வருஷம் கழித்துக் கரும்பச்சை பாதி விலைக்கும் கீழே போனது. பட்டறையை மூடாமல் இருக்க அந்தப் பணம் உதவியது, அவ்வளவுதான். அக்கா கம்பெனியில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு இரட்டை வேலை.

வண்டி போன மத்தியானம் அத்தான் தட்டைத் தொடவில்லை. "அன்னைக்கே குடுத்திருக்கணும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கா தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "நானுந்தான் அன்னைக்குக் குடுக்க வேண்டாம்னு சொன்னேன். நீங்க மட்டும் ஏன் நொந்துக்கறீங்க? சாப்பிடுங்க."

அவள் அப்படிச் சொல்லவில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்துவிட்டு, அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி வேலைக்குக் கிளம்பினாள்.