எனக்குத் தெரிந்த ஒருவர்

“வரிக் கந்தோர்க்காரன் கதைக்கிறது டெனிஷ்காரனுக்கே விளங்காது. உனக்கு விளங்கி, நீ எங்களுக்கு விளங்கப்படுத்தப் போறியோ பிள்ளை?”

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்து இறைச்சித் தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை செய்த அண்ணை இப்படிக் கேட்டார். வரி வசூலிக்கும் அரசாங்கக் கந்தோர் தமிழருக்கென்று முதன்முதலாக ஒரு கூட்டம் வைத்தது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அந்தத் திமிரில், “விளங்காட்டிக் கேளுங்கோ அண்ணை, இரண்டாந்தரமும் சொல்லுவன்” என்றேன்.

பிரச்சினை வரி அட்டை. வருடம் பிறந்ததும் தபாலில் வரும். அதை வேலையிடத்தில் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் சம்பளத்தில் பாதிக்கு மேல் வெட்டுவார்கள். எங்கள் ஆட்கள் கொடுக்கவில்லை. அகதிப் பயண வழியெல்லாம் பாஸ்போட்டை ஆள்கடத்தும் ஏஜென்சிக்காரனிடம் பறிகொடுத்து வந்தவர்களுக்கு, சொந்தப் பெயரோடு ஒரு அரசாங்கக் காகிதம் வருகிறது. அதைக் கொண்டுபோய்த் தொழிற்சாலையில் கொடுப்பதா? சைவ வீடுகளில் அட்டை பிள்ளையாருக்குப் பக்கத்தில் சந்தனப் பொட்டோடு இருந்தது. எங்கள் வீட்டில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால். தொழிற்சாலைக்குப் போட்டோக்கொப்பி போனது. அது செல்லாது.

அம்மாவும் தம்பியும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட நாங்கள் கொடுத்த விண்ணப்பத்துக்கு இங்கே பதிலே இல்லை. எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களை அரசாங்கமே வேண்டுமென்று கிடப்பில் போட்டிருந்தது என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கியிருந்தன. வாடகை பிந்தியதால் வீட்டுக்காரர் அறையை விடச் சொல்லிவிட்டார். அப்பா அந்த அட்டையைக் கொடுத்தாலே போதும், வாடகை கட்டிவிடலாம். நான் சொன்னால், “ஒரிஜினலை ஆரும் குடுப்பினமோ? உனக்கு உலகம் தெரியாது” என்பார்.

கூட்டத்தில் அதிகாரி நீளமாகப் பேசிவிட்டு, கேள்விகள் உண்டா என்றார்.  நாலு பேருக்கு முன்னால் தன் சம்பளத்தைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? கடைசியில் அண்ணைதான் எழும்பினார்.

“எனக்கில்லை. எனக்குத் தெரிஞ்ச ஒராள், இறைச்சித் தொழிற்சாலையிலை வேலை, அட்டையைச் சாமிப்படத்தோடை வைச்சிட்டார். அது குற்றமோ எண்டு கேட்கிறார்.”

பின்வரிசையில் ஒருவர், “எனக்கும் ஒராளைத் தெரியும். கோழித் தொழிற்சாலையிலை வேலை.”

“எனக்குத் தெரிஞ்சவர் அதை லாமினேற் பண்ணிப்போட்டார்.”

அதிகாரி கவனமாகக் குறித்துக்கொண்டே வந்தவர், பேனாவை வைத்துவிட்டு மிகுந்த கவலையோடு ஒன்று சொன்னார். நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன்:

“இந்த மனிசனை உடனை தன்னட்டை அனுப்பட்டாம். ஒராளுக்கு இவ்வளவு தொல்லை கூடாதாம். இறைச்சித் தொழிற்சாலையிலையும் கோழித் தொழிற்சாலையிலையும் வேலை செய்தா அந்தாள் எப்ப நித்திரை கொள்ளுறது எண்டு கேட்கிறார்.”

மண்டபம் இடிந்து விழுந்ததுபோலச் சிரிப்பு. அப்பா மட்டும் சிரிக்காமல் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அதிகாரியிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன்: “அந்த ஆள் இங்கே இருக்கிற எல்லோரும்தான். சபையில் கேட்கமாட்டார்கள். கதவு சாத்தக்கூடிய ஒரு அறை வேண்டும்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “போன மாதம் ஓகூஸ் நகரத்தில் இருக்கும் கிரீன்லாந்து ஆட்களோடு கூட்டம் வைத்தோம். ஒருவரும் பேசவில்லை. ‘கேள்விகள் இல்லை’ என்று அறிக்கை எழுதிவிட்டேன்” என்றார்.

மண்டபத்தில் சமையல் செய்யும் குசினிக்குத்தான் கதவு இருந்தது. கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை போட்டோம். ஒவ்வொருவராக வந்தார்கள். கதவைச் சாத்தியதும் அந்த ‘எனக்குத் தெரிஞ்ச ஒராள்’ காணாமல் போய்விட்டார். எல்லோரும் ‘நான்’ என்றே பேசினார்கள். அப்பா கடைசியாக வந்தார்.

“அட்டையைக் குடுத்தா, கையிலை என்ன தருவினம்?” என்றார்.

“ஒன்றும் தருவதில்லை” என்றார் அதிகாரி. அப்பா எழும்பிவிட்டார்.

“கொஞ்சம் இருங்கோப்பா” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அதிகாரியிடம் திரும்பினேன். “அட்டையைப் பெற்றுக்கொண்டதாக ஒரு துண்டு எழுதி, முத்திரை குத்திக் கொடுங்கள்.”

“அப்படி ஒரு நடைமுறை இல்லை.”

“நடைமுறை இல்லாததால்தான் இவ்வளவு பேரும் இந்தக் குசினிக்குள் வந்தார்கள்.”

 அவர் பையைத் திறந்து கந்தோர் முத்திரையை எடுத்தார். அட்டையைத் தானே தொழிற்சாலையில் சேர்ப்பதாக எழுதி, ஓங்கிக் குத்தினார். அப்பா காகிதத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது ஒரிஜினலோ?”

“ஓம் அப்பா. ஒரிஜினல்தான்.”

அப்போதுதான் சட்டைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்தார். வீட்டிலிருந்து வரும்போதே கொண்டுவந்திருக்கிறார், மனிதர்!

அடுத்த சம்பளத்தில் கொழும்பு வாடகை போய்ச் சேர்ந்தது. அம்மாவும் தம்பியும் அதே அறையில்தான் காத்திருக்கிறார்கள்.

அதிகாரி திரும்பத் தொலைபேசியில் கூப்பிட்டார். கிரீன்லாந்து ஆட்களோடு மறுபடி கூட்டம் வைக்கிறாராம், குசினி உள்ள மண்டபமாகப் பார்த்துவிட்டாராம். அவர்களுக்கும் குசினிதான் வேண்டுமென்று யார் சொன்னது என்று கேட்டேன். அவர்களைக் கேட்கவில்லையாம். நேற்று நானே அவர்களைக் கேட்க ஓகூஸுக்கு ரெயின் ஏறி, அவர்கள் கூடும் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன்.