பஞ்சாரத்துக்குள் வைத்த குருவி

கொல்லையில் துவைக்கிற கல்லருகே ஒரு குருவி தத்தித் தத்திச் சருகைக் கிளறியது. பச்சை முதுகு, வாலடியில் ரத்தச் சிவப்பு. பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சிறு வயதில் சமயநல்லூர் வீட்டில் நானும் அக்காவும் பிடித்தது இதே குருவியைத்தான். பறக்க மாட்டாமல் கிடந்தது. "அப்பா ஆபீஸ் விட்டு வந்து பேரு சொல்லுவாக" என்று, கோழி அடைக்கும் மூங்கில் பஞ்சாரத்தால் மூடினாள் அக்கா. நான் கோழிக்குஞ்சுக்குப் போடும் நொய்யரிசியை உள்ளே இறைத்தேன். நிமிடத்துக்கு ஒருதரம் குனிந்து பார்த்தேன். அரிசி அப்படியே கிடந்தது. "இம்புட்டுத் திமிரா ஒனக்கு? தின்னேன்!" என்று திட்டினேன்.

சாயங்காலம் அப்பா பஞ்சாரத்தைத் தூக்கியபோது குருவி செத்துக் கிடந்தது. பேர் அவருக்கும் தெரியவில்லை.

"ஆறுமணிக்குருவிம்மா," இப்போது துணிக்கூடையோடு என் பின்னால் வந்து நின்று, போனைப் பார்த்து வாசித்தாள் மகள். "புழு பூச்சிதான் திங்குமாம். கூடையப் போட்டு மூடவா? அப்பா வந்து பாக்கட்டும்."

அவள் கையிலிருந்த துணிக்கூடையைப் பிடுங்கிக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஈர மண்ணிலிருந்து குருவி ஒரு புழுவை இழுத்து விழுங்கும்வரை எழுந்திருக்கவில்லை.