கிண்ணத்தில் என்ன இருந்தது

அந்த மண்கிண்ணம் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அவிநாசிப் பக்கம் ஒரு காட்டில், பாண்டியன் குழி என்று ஊரார் சொல்லும் கல்வட்டத்தைத் தோண்டியபோது கிடைத்தது. நான் அப்போது வட்டாட்சியர். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் புதைத்தவரை வெளியே எடுக்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்பதைத் தூக்கத்திலும் சொல்வேன். அரசு ஜீப்பில் குடும்பத்தை ஏற்றக் கூடாது என்பதும் விதிதான். என் மனைவி ஏறிக்கொண்டாள்.

கல்பலகைகளால் அடைத்த குழிக்குள் எலும்புத் துண்டுகளும் சூதுபவள மணிகளும் கிடந்தன. மணிகளை வைத்து, இறந்தவர் வசதியானவர், அந்தக் காலத்திலேயே தூரதேச வணிகம் இருந்திருக்கிறது என்று ஆய்வாளர் விளக்கிக்கொண்டே போனார். அவள் கிண்ணத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“ஏனுங்க தம்பி, இதுல என்ன சோறுங்க வெச்சிருப்பாங்க?”

“தெரியலீங்கம்மா. எல்லாம் மண்ணாயிருச்சு.”

“வெச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றாள். திரும்பும் வழியில், “எனக்கு என்னத்தைங்க வெப்பீங்க?” என்று கேட்டாள். முதலில் விண்ணப்பம் கொடு என்றேன். ஜீப் அதிரச் சிரித்தாள்.

இன்று அவளுக்கென்று ஒரு கல்கூட இல்லை. எரிவாயு மயானம், கூடுதுறையில் சாம்பல் கரைப்பு, இறப்புச் சான்றிதழ், எல்லாம் முறைப்படி முடிந்தன. போய் நிற்கத்தான் ஓரிடமில்லை.

முதல் வருஷத் திதிக்கு மகன் பனியன் கம்பெனிக்கு லீவு விட்டான். படத்தின் முன் தலைவாழை இலையில் வடை, பாயசம், முறுக்கு, ஆப்பிள். யாருடைய இலையாகவும் இருக்கலாம் அது. பிற்காலத்தில் தோண்டிப் பார்க்கிறவன், வசதியான பெண் என்று எழுதிவிட்டுப் போய்விடுவான். நான் எழுந்துபோய் ஒரு பாத்திரத்தில் அரிசியைப் போட்டு அடுப்பில் வைத்தேன். தண்ணீர் வற்றிய பிறகும் அணைக்கவில்லை. இருந்தவரை, எல்லோருக்கும் பரிமாறிய பின் அவள் சட்டியின் அடியைச் சுரண்டி, அந்தக் காந்தலை மோரும் சின்ன வெங்காயமுமாகச் சமையலறைக் கதவை ஒருக்களித்துக்கொண்டு தின்பாள். யாருக்கும் ஒரு துணுக்குக் கொடுக்க மாட்டாள், எனக்கும்தான்.

வாசம் பிடித்து மருமகள் ஓடிவந்தாள். “மாமா, என்னங்க மாமா இது! தீஞ்ச சோத்தையெல்லாம் யாராச்சும் படைப்பாங்களா?”

“உங்க அத்தைக்கு இதுதான் கண்ணு.”

முறை தவறாத மாமனாரின் கையை மருமகள் பார்த்தாள். பிறகு ஆப்பிளை நகர்த்தி இடம் பண்ணினாள். சுரண்டி வைத்தேன். எல்லோரும் காகத்தைக் கூப்பிட மொட்டை மாடிக்குப் போனார்கள். நான் இலையருகிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு துணுக்கு எடுக்கலாம் என்று கை போனது. அவள் கொடுக்க மாட்டாள். கையை இழுத்துக்கொண்டேன்.