தூள் டப்பாவில் வைத்த பாட்டுப்பெட்டி

அம்சவேணிக்குப் பாட்டு கேட்கிற பழக்கமெல்லாம் கிடையாது. ஆனாலும் கோத்தகிரிக்குக் கீழே அரவேணுவில் அந்த வருஷம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு இலை பறித்த ஒரே பொம்பளை அவள்தான். "மகாராணி பாட்டு கேக்கறாங்க" என்று பக்கத்துத் தோட்டக்காரிகள் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்! அதற்குள் ஓடியது பாட்டல்ல, அவள் புருஷன் சின்னராஜின் குரல் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

சின்னராஜ் தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் ட்ரையர் ஓட்டிக்கொண்டிருந்தவன். இலை பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாத அளவுக்கு விலை விழுந்து, ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திய காலம் அது. அவனுடைய ஃபேக்டரியும் சாத்தியது. மிச்சமிருந்தது ஐம்பது சென்ட் தேயிலை. அதை அவளிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய், ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தான். இரண்டு மாசம் ராத்திரிச் சாப்பாட்டை விட்டு மிச்சம் பிடித்து, தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப்பெட்டி வாங்கி அனுப்பினான். அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும், பேசுவது பதிவாகும்.

இரண்டு பேருக்கும் எழுத வராது. பதினோரு வயது மகள் ராஜப்ரியா எழுதுவாள்தான். ஆனால் பொண்டாட்டி புருஷனுக்குச் சொல்வதையெல்லாம் பிள்ளையை வைத்து எழுத முடியுமா? எஸ்டீடி பூத்தில் பேசினால் பின்னால் நிற்பவனெல்லாம் காதைத் தீட்டிக்கொள்வான். ஆகவே பெட்டி போய்வந்தது. திருப்பூர் பஸ் கண்டக்டர் வடிவேல் அதை வாங்கிக்கொண்டு போவான், திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் சின்னராஜ் காத்திருந்து வாங்கிக்கொள்வான். ஒவ்வொரு தடவையும் அவன் முதலில் சொல்வது, "தண்ணி படாமப் பாத்துக்கோ புள்ள." ஒவ்வொரு தடவையும் இவள், "கண்ணாட்டம் பாத்துக்கறேனுங்க" என்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். பொறுமை இருந்தால்தானே! பிளாஸ்டிக் ஷீட்டைத் தலையில் போட்டுக்கொண்டு, செடிகளுக்கு நடுவிலேயே ஒயரைக் காதில் மாட்டினாள்.

"தண்ணி படாமப் பாத்துக்கோ புள்ள. அம்சா, ஒன்னு கேக்கறேன், நல்லா யோசிச்சுச் சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள உங்கிட்ட இருந்து பதில் வரலைன்னா, உனக்குச் சம்மதம்னு எடுத்துக்குவேன். என்னன்னா..."

அவ்வளவுதான். கொரகொரவென்று ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. ஒயர் வழியாக வழிந்த தண்ணீர் நேராகப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது.

வேறு ஊர்க்காரியாக இருந்தால் வெயிலில் வைத்திருப்பாள். அந்த மழை மாசத்தில் அங்கே வெயில் ஏது? அவளுக்குப் புருஷன் சொன்னதுதான் ஞாபகம் வந்தது: ட்ரையரில் இருந்து இறங்கிய தேயிலைத் தூளைப் போல ஈரத்தை இழுப்பது உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அடுக்களையில் இருந்த பெரிய தூள் டப்பாவைத் திறந்து, பெட்டியை உள்ளே புதைத்து, மூடியை இறுக்கினாள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள், பாவி மகள்.

புதன்கிழமை எடுத்தபோது ஈரம் இல்லை. ஆனால் ஒயர் சொருகும் ஓட்டையிலும் பொத்தான் இடுக்கிலும் தூள் அப்பியிருந்தது. அமுக்கினால் விளக்கு எரியவில்லை. கோத்தகிரி பஜாரில் கேசட் கடை வைத்திருக்கும் ரஹீமிடம் ஓடினாள். "எப்படியாச்சும் ஓட வெச்சுக் குடுங்க தம்பி" என்று சொன்னாளே தவிர, உள்ளே இருப்பது என்ன என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் இடி விழ!

வியாழக்கிழமை மத்தியானம் ரஹீம் சிரித்த முகமாகப் பெட்டியை நீட்டினான். "சுத்தம் பண்ணியும் எந்திரிக்கலீங்க அக்கா. உள்ள இருந்ததை மொத்தமா அழிச்சாத்தான் ஓடும்னு அழிச்சுட்டேன். கவலைப்படாதீங்க, எம்பது பாட்டு ஏத்தியிருக்கேன். எல்லாம் புதுப் பாட்டு."

"பேச்சு ஒன்னு இருந்துச்சே தம்பி..."

"பேச்சா? பாட்டு இல்லாம ஏதோ ஒன்னு கிடந்துச்சு. அது போயிருச்சுங்களே."

நல்ல மனுஷன், காசுகூட வாங்கவில்லை. அவனை என்ன திட்டுவது?

வரும் வழியெல்லாம் அந்தப் பாதிப் பேச்சையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பதில் போகாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். எதற்குச் சம்மதம்? யோசிக்க யோசிக்க ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. போன இரண்டு தடவையும், தோட்டத்தை விற்றுவிடலாம் என்று தன் அண்ணன் நச்சரிப்பதாகச் சொல்லியிருந்தான். அதேதான், வேறென்ன! அந்த ஐம்பது சென்ட்டும் போய்விட்டால் மகளை வைத்துக்கொண்டு எங்கே நிற்பது? கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பட்டினி கிடந்து வாங்கித் தந்த பெட்டியைத் தண்ணீரில் நனைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வாள்? தவிர, திரும்பக் கேட்டு வாங்க நாளும் இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. கறாராகப் பேசினாள். "வேண்டாமுங்க. எத்தனை தடவை கேட்டாலும் என் பதில் இதுதான். இந்தப் பேச்சை இனி எடுக்காதீங்க. நீங்க பாட்டுக்கு அங்க வேலையைப் பாருங்க. இங்க நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பெட்டி போயிற்று. அவளுக்குத் தோட்டம் தப்பித்த நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை வடிவேல் பஸ்ஸை நிறுத்திப் பெட்டியைக் கொடுத்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். முதலில் இருமல். நெடுநேரம் இருமல்தான்.

"சரி புள்ள. நீ சொல்றதும் நாயந்தான். பஞ்சுத் தூசி நெஞ்சுல அடைச்சு நிக்க முடியலை, ஊட்டுக்கு வந்தரட்டுமான்னு கேட்டேன். வேலைக்குப் போகாத ஆளை வெச்சுட்டு நீ என்ன பண்ணுவ? பேசாம இருந்தயின்னா சனிக்கிழமை வண்டி ஏறிரலாம்னு பையெல்லாம் கட்டி வெச்சிருந்தேன். கம்பெனி வேலையில இருந்து நின்னுட்டேன், ரூமையும் விட்டாச்சு. எங்கியாச்சும் வாட்ச்மேன் வேலை கிடைக்குமான்னு பாக்கறேன். பாப்பாவைப் பாத்துக்கோ. இந்தப் பெட்டி உங்கிட்டயே இருக்கட்டும். இனி அனுப்ப வேண்டாம்."

"அய்யோ, அதில்லீங்க!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினாள் அம்சவேணி. ராஜப்ரியா ஓடிவந்து பார்த்தபோது அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே வந்திருப்பான். வாயைத் திறந்து விரட்டிவிட்டாள்.

மேலே கோத்தகிரி வரை போய்விட்டு, திருப்பூர் பஸ் ஒரு மணி நேரத்தில் திரும்பி இறங்கும். சிவப்பு விளக்கை எரியவிட்டு அழுதாள், திட்டினாள், மழையைச் சொன்னாள், தூள் டப்பாவைச் சொன்னாள். "வந்துருங்க, படுத்தே கிடந்தாலும் நான் சோறு போடறேன், வந்துருங்க" என்று மூச்சு முட்டும்வரை சொன்னாள். பஸ் வந்தபோது ரோட்டுக்கு நடுவில் போய் நின்று, பெட்டியை வடிவேல் கையில் திணித்தாள்.

"இன்னைக்கே குடுத்துருங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வடிவேல் விசில் ஊதவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"சின்னராஜ் அண்ணன் இனி ஸ்டாண்டுக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டாருங்க அக்கா" என்றான். "இதை நான் எங்க கொண்டு போய்க் குடுக்கட்டும்?"